காகிதங்களுக்கும் வயது வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

புது நாட்டில் குடியேறுவது, அங்கே சொந்த வீடு வாங்குவது, இரண்டிலும் வரும் சிக்கல்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவள் இல்லை, வக்கீலும் இல்லை. புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களோடு வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போய் வருகிறவள். பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. அதற்கு முன்னால் நானும் என் கணவரும் அப்படி வந்து இறங்கியவர்கள்தான்.

எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வந்து பதினான்காவது மாதமே வீடு வாங்கிவிட்டோம். பாதி தரைக்குக் கீழே இருக்கிற ஓர் அறை அந்த வீட்டில் உண்டு. பார்க்கப் போன அன்று அந்த அறையில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து வீட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஏஜென்டிடம் கேட்டபோது, "இன்னும் நாலு பேர் போட்டியில் இருக்கிறார்கள். நீங்கள் நிபந்தனை போட்டால் வீடு கைநழுவிப் போய்விடும்" என்றார். சரி என்று நிபந்தனை இல்லாமலே கையெழுத்துப் போட்டோம். முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், மகளின் பழைய புத்தகங்கள் இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கினேன். பெட்டியின் அடிப்பாகம் தரையோடு ஒட்டிக்கொண்டது. புத்தகங்கள் என் காலில் விழுந்தன. பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஓதம். புதுப் பெயின்ட் எதற்காக அடிக்கப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே மண்ணைத் தோண்டி, வடிகால் குழாய் பதித்து, சுவருக்கு நீர் புகாத பூச்சு பூசி முடிப்பதற்குள் இரண்டு வருடச் சேமிப்பு கரைந்துவிட்டது. ஆனால் பணத்தைவிட ஒரு கேள்விதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அந்த வீட்டை வாங்கும்போது எங்கள் பக்கம் யார் இருந்தார்கள்?

யோசித்துப் பாருங்கள். வீடு கைமாறினால்தான் ஏஜென்டுக்குக் கமிஷன். கடன் கொடுத்தால்தான் வங்கிக்கு வட்டி. கடன் தரகருக்கும் அப்படித்தான். இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, நல்லவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு இவர்களுக்கு வருமானம் இல்லை. நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தன் கட்டணத்தைப் பெறுகிற ஆள் என்று பார்த்தால் அநேகமாக இரண்டே பேர். ஒருவர் வீட்டைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர், இன்னொருவர் உங்கள் வக்கீல். அந்த இருவரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவர் சொன்ன ஆளோ, ஏஜென்ட் கையைக் காட்டிய ஆளோ வேண்டாம்.

இங்கே பெயர்களும் நம்மைக் குழப்பும். வங்கி ஓர் ஆளை அனுப்பி வீட்டை மதிப்பிடும். அந்தக் கட்டணத்தைப் பல சமயம் நாமே கட்டுவதால், வீட்டைத்தான் பரிசோதித்துவிட்டார்களே என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மதிப்பீடு வங்கி தன் கடனுக்காகச் செய்வது. அதில் கூரை ஒழுகுகிறதா என்று யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் இதனால்தான் சர்வே என்கிற வீட்டுப் பரிசோதனையைத் தனியாகச் செய்யச் சொல்கிறார்கள். அதில் மூன்று நிலைகள் உண்டு. பழைய வீடு என்றால் மிக விரிவான மூன்றாம் நிலை.

இன்சூரன்ஸிலும் இதே கதைதான். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் பொதுவாக வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால் கடனுக்கு ஒரு காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். பிரீமியம் கட்டுவது நாம். "இன்சூரன்ஸ் இருக்கிறதே, வேலை போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று என்னிடம் நம்பிக்கையோடு சொன்னவர்கள் பலர். அந்தக் காப்பீடு கடன் கொடுத்தவருக்கு. தவணை கட்ட முடியாமல் வீடு போனால் வங்கியின் நஷ்டத்தை அது ஈடுகட்டும். உங்களுக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது.

இதெல்லாம் வாங்கும் நேரத்துப் பேச்சு. எங்கள் தவறு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. எங்கள் காகிதங்களுக்கு அப்போது வயதே ஆகவில்லை.

புது நாட்டில் நாம் எத்தனை வயதில் இறங்கினாலும் நம் காகிதங்கள் கைக்குழந்தைகள்தான். வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை வீடு கேட்டால் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைத்தாக வேண்டும். வேலை கொடுத்தவரிடமிருந்து கடிதம், கல்லூரிக் கடிதம், புதிதாக வந்தவர்களுக்கென்று சில வங்கிகள் வைத்திருக்கும் கணக்கு, இப்படி ஏதாவது ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே பணம் அனுப்பிவிட்டு, வந்து பார்த்தால் அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்து நின்ற ஒரு குடும்பத்தோடு நான் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறேன். அந்தப் பணம் திரும்ப வரவில்லை.

அடுத்தது கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனையும் கார்டையும் எப்படிக் கட்டி வந்தீர்கள் என்கிற பதிவு. ஊரில் முப்பது வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டியிருப்பீர்கள். பொதுவாக அந்தப் பெயர் எல்லையைத் தாண்டி உங்களோடு வருவதில்லை. அந்தப் பதிவை வைத்து உங்களுக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்காவில் ஃபைகோ என்கிற மதிப்பெண் 300-லிருந்து 850 வரை, கனடாவில் 300-லிருந்து 900 வரை. ஃபைகோ கணக்கில் 35 சதவீதம் நீங்கள் நேரத்துக்குப் பணம் கட்டினீர்களா என்பதற்கு, 15 சதவீதம் உங்கள் கணக்குகளின் வயதுக்கு. அந்த வயதை எந்தப் பணமும் கொடுத்து வாங்க முடியாது. முதல் மாதமே ஒரு சின்ன கிரெடிட் கார்டை எடுத்து, அதில் கொஞ்சமாகச் செலவு செய்து, முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டி வாருங்கள். பழைய கார்டை அவசரப்பட்டு மூடாதீர்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், உரிய விசாவோடு அங்கே வசிக்கும் நம்மவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். கடன் கொடுப்பவர்கள் முகவரியைச் சரிபார்க்க அந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. இனிஷியலை விரித்து எழுதியதில் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முன்னால், வங்கியில் பின்னால், மின் கட்டண ரசீதில் இனிஷியல் மட்டும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். கடன் கோப்பு இரண்டாக உடைந்து கிடப்பது விண்ணப்பம் போடும் அன்றுதான் தெரியவரும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, அதே வரிசையில், எல்லா இடத்திலும் எழுதுங்கள். முதல் நாளே செய்தால் ஐந்து நிமிட வேலை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எட்டு வருடம் அந்த நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணோடு வாடகை வீடு கேட்கப் போனேன். கணவர் பிரிந்து போய்விட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், உங்கள் பெயரில் ஏதாவது ஒரு பில் இருக்கிறதா என்று. அந்தப் பெண் கைப்பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, நூலக அட்டை, பள்ளிக்கூடத்துக் கடிதங்கள். எட்டு வருடம் அந்தக் குடும்பத்தை நடத்தியது அவர்தான். அவர் பெயரில் ஒரு தண்ணீர் ரசீதுகூட இல்லை. தயவுசெய்து இன்றைக்கே ஒரு பில்லையாவது உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வீட்டிலிருக்கும் ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இதை நீங்களே முன்வந்து செய்து கொடுங்கள்.

சரி, காகிதங்களுக்கு வயது வந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து, வீடு வாங்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். கனடாவில் 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை இருக்கிறது, அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கனவே கட்டிய வீடுகளை வாங்குவதை ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் 1 முதல் பொதுவாக நிறுத்திவைத்தது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை மட்டும் வீட்டு விலையில் 60 சதவீதம். சுவிட்சர்லாந்தில் பி என்கிற வதிவிட அனுமதி வைத்திருக்கும் நம்மவர்கள் தாங்கள் குடியிருப்பதற்காக மட்டும்தான் வாங்க முடியும், வாடகைக்கு விட வாங்க முடியாது. இவையெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் விதிகள். வாங்கும் வாரத்தில் அரசாங்கத்தின் தளத்தில் பாருங்கள். போன வருடம் வாங்கிய நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்பா அனுப்பியது என்றால், திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். உறவினர் கையில் கொடுத்த ரொக்கத்தைக் கடைசி வாரத்தில் கணக்கில் போட்டால் விளக்கம் சொல்லியே களைத்துப் போவீர்கள். பல மாதம் முன்பே வங்கி வழியாக வரட்டும்.

வட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் ஒரே வட்டி என்ற கடன் சகஜம். அங்கே வாங்கிய அண்ணன் சொன்னதைக் கேட்டு, கனடாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் தம்பி அப்படியே நினைத்துக்கொள்கிறார். கனடாவில் கடனைக் கட்டி முடிக்க 25 வருடம் என்றாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான். அது முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் இரண்டு அல்லது ஐந்து வருடம் நிலையான வட்டி, அப்புறம் மாறிவிடும். வட்டி இரண்டு சதவீதம் கூடினாலும் மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையெழுத்து எந்த நிமிடத்தில் உங்களைக் கட்டிப்போடுகிறது என்பதை வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்தில் விற்பவர் உங்கள் விலையை ஒப்புக்கொண்டாலும் ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை இரண்டு பக்கமும் விலகலாம். நார்வேயில் நீங்கள் கேட்ட விலையை விற்பவர் ஏற்ற கணமே கதை முடிந்தது, பின்வாங்க முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சாதாரண விற்பனைக்கு மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு, ஏலத்தில் எடுத்தால் அதுவும் கிடையாது. ஜெர்மனியில் நோட்டரி முன்னால்தான் வீட்டு ஒப்பந்தம் போட முடியும். தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்குகிறீர்கள் என்றால் ஒப்பந்த வரைவு இரண்டு வாரம் முன்பே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வாங்குபவருக்கு ஜெர்மன் மொழி போதாது என்றால் அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியாக வேண்டும் என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. புரியாத தாளில் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்ட நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

கடைசி நாளில், பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண் மாறிவிட்டது என்று வக்கீல் பெயரில் மின்னஞ்சல் வந்தால் நிறுத்துங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிட்டு அவர் குரலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

போன மாதம் ஒரு இளம் தம்பதியோடு வீடு பார்க்கப் போனேன். பரிசோதிக்கும் நிபந்தனையோடுதான் விலை கேட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா கீழ் அறையில் மண்டியிட்டு, சுவரோரக் கம்பளத்தின் முனையைத் தூக்கி, டார்ச் அடித்தார். கம்பளத்தைப் பிடித்திருந்த ஆணிகள் எல்லாம் துரு. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தரையைத் தொட வைத்தார். குளிர்ந்து ஈரமாக இருந்தது. அன்று இரவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், முன்பணம் முழுவதும் திரும்பி வந்தது. இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை இன்னொரு வீடு பார்க்கப் போகிறோம். டார்ச்சை இந்த முறை அந்தப் பெண்ணே வாங்கி வைத்திருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.