ஜிம்மி கார்ட்டர் ஆலயத்துக்குப் போனதில் என்ன சிறப்பு? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "2024 டிசம்பர் 29 அன்று நூறாவது வயதில் மறைந்த அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரை உழைப்பாளி, நல்ல குடும்பத்தலைவர், ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்றவர் என்றெல்லாம் புகழ்கிறார்கள். அரசியல்வாதி ஆலயத்துக்குப் போவது ஓட்டுக்காகத்தானே? இவரிடம் மட்டும் என்ன சிறப்பு?"

நியாயமான சந்தேகம்தான். ஆலயத்துக்குப் போனார் என்பதோடு விஷயம் முடிந்துவிடுமானால் நானும் இதைப் பேச எடுத்திருக்க மாட்டேன். ஓட்டுப் போய்விடும் என்று தெரிந்தபோதும், ஓட்டே தேவைப்படாத காலத்திலும் அவர் அங்கே என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் 1924-இல் பிறந்து, அருகிலுள்ள ஆர்ச்சரியில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத பண்ணைவீட்டில் வளர்ந்தவர் அவர். கடற்படை அதிகாரியாக இருந்தபோது, 1953-இல் தந்தை இறந்துவிடவே, வேலையை விட்டு ஊர் திரும்பி நிலக்கடலை வியாபாரத்தைக் கையில் எடுத்தார். வறட்சி காரணமாக முதல் ஆண்டின் லாபம் 200 டாலரைக்கூடத் தொடவில்லை. குடும்பம் குறைந்த வருமானத்தாருக்கான அரசுக் குடியிருப்பில் தங்கியிருந்தது. மனைவி ரோசலின் கணக்கு வழக்குகளைக் கவனித்துக்கொண்டார். ஊர் திரும்புவதில் ரோசலினுக்குத் துளியும் விருப்பமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1962-இல் தேர்தலில் நிற்பதையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே முடிவு செய்த கார்ட்டர், அதற்காகப் பிற்காலத்தில் வருந்தினார். ஆக, குறையே இல்லாத கணவர் அல்லர். ஆனால், 2023 நவம்பரில் ரோசலின் மறையும்வரை 77 ஆண்டுகள் நீடித்த அந்தத் தாம்பத்தியத்தில், இருவரும் இரவுதோறும் வேதாகமத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. முதுமையில், மொழிப் பயிற்சிக்காக, அதை ஸ்பானிய மொழியிலேயே வாசித்தார்கள்.

இனி ஆலயத்துக்கு வருவோம். 1950-களில், இனப்பாகுபாட்டைக் காப்பதற்காகவே தொடங்கப்பட்ட வெள்ளையர் மன்றத்தில் சேரும்படி பிளெயின்ஸ் வியாபாரிகளை வற்புறுத்தினார்கள். சந்தா வெறும் 5 டாலர். கார்ட்டர் மறுத்தார், அவருடைய கடையைச் சிலர் புறக்கணித்தார்கள். 1965-இல், கறுப்பின மக்களை ஆராதனைக்குள் விடக்கூடாது என்ற தீர்மானம் அவருடைய சொந்தச் சபையான பிளெயின்ஸ் பாப்டிஸ்ட் ஆலயத்திலேயே வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது மாநில மேலவை உறுப்பினராக இருந்தவர், அடுத்த தேர்தலைக் கணக்கிட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். அவரோ சபை நடுவே எழுந்து எதிர்த்துப் பேசினார். தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் பெரும்பாலும் அவருடைய குடும்பத்தார் மட்டுமே. அதே பிரச்சினையால் 1977-இல் அந்தச் சபை உடைந்து மரநாதா பாப்டிஸ்ட் ஆலயம் உருவானது. அதிபர் பதவி முடிந்து 1981-இல் ஊர் திரும்பிய கார்ட்டர் தம்பதியர் அதிலேயே சேர்ந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த மரநாதா ஆண்டுகளில்தான் இருக்கிறது. நம் ஊர்ச் சபைகளில் பெரிய மனிதர் வந்தால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். இவர் ஆலயத்துப் புல்லை வெட்டினார். ஆலயத்தைச் சுத்தம் செய்யும் முறை வந்தபோது ரோசலினும் அதைச் செய்தார். அங்கே காணிக்கை எடுக்கும் மரத்தட்டுகள் கார்ட்டர் தன் பட்டறையில் கடைந்து செய்தவை. ஞாயிறு வேதபாட வகுப்பை எடுக்கும்போது, எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் தொடங்குவார். புற்றுநோய் மூளைக்குப் பரவியிருப்பதை 2015 ஆகஸ்டில் உலகுக்கு அறிவித்த அதே வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு எடுத்தார். அந்த டிசம்பரில் பேரன் இறந்த அன்று காலையிலும் வகுப்புக்கு வந்து, நடந்ததைச் சபையாரிடம் சொன்னார். 95 வயதில், 2019 அக்டோபரில் கீழே விழுந்து முகத்தில் 14 தையல் போட்ட நிலையிலேயே, ஏழைகளுக்கு வீடு கட்டும் பணிக்காக நாஷ்வில் நகருக்குப் புறப்பட்டுச் சென்றார். அதே பணிக்காக 2006-இல் மகாராஷ்டிராவின் லோனாவாலாவுக்கும் வந்திருந்தார்.

நம் பெரியவர்கள் நரம்புச் சிலந்தி என்று அஞ்சிய, அசுத்தமான குடிநீர் வழியே உடலுக்குள் போகும் கினிப்புழுவால் வரும் நோயை ஒழிக்கும் பணியையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். 1986-இல் அவருடைய தொண்டு அமைப்பான கார்ட்டர் மையம் அதில் இறங்கியபோது உலகில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய் இருந்தது; 2023-இல் மனிதர்களிடையே கண்டறியப்பட்டவை 14 மட்டுமே. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று கிராமம் கிராமமாகச் சொல்லிக் கொடுப்பதுதான் அதில் பெரும்பகுதி வேலை. அந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது.

இவ்வளவு சொன்னபின், உங்கள் சந்தேகம் முழுமையாகப் பொருந்தும் ஒரு காலத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஆளுநர் தேர்தலில் நின்றபோது, இனப்பாகுபாட்டை ஆதரித்த வெள்ளையர்களின் ஓட்டுக்காக அவர்கள் மனம் குளிரும்படி பிரச்சாரம் செய்தார் கார்ட்டர். வென்ற பிறகு, 1971 ஜனவரியில் பதவியேற்பு உரையிலேயே, இனப்பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். சொன்னது சரி, ஆனால் தேர்தலுக்கு முன்பு சொல்லவில்லை. நம்பி ஓட்டளித்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். அவர்களுடைய கொள்கை எனக்கு உடன்பாடல்ல என்றாலும், அந்தக் கோபத்தைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.