ஸ்டைலிஸ்டிக்ஸ்: ஒரு குரலும் அதைச் சுற்றிய வெளியும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துச் சோல் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த, உணர்ச்சி ததும்பும் பாட்டுவகை) இசைக்குழுவான தி ஸ்டைலிஸ்டிக்ஸ், 1971-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

குழுவில் ஐந்து பேர். ஆனால் ஆல்பம் முழுக்க நம்மைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒருவரின் குரல். ரஸல் தாம்கின்ஸ் ஜூனியர். ஃபால்செட்டோ எனப்படும் மெல்லிய மேல்ஸ்தாயிக் குரல் அவருடையது. உச்சத்தில் பாடுகிறார், ஆனால் கத்தவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு தெளிவாக வந்து விழும். உருகி, கதறி, தேவாலயப் பாடகரைப் போல நம்மை உலுக்குவதுதான் சோல் என்று நினைப்பவர்கள் இவரை ஒருமுறை கேட்க வேண்டும்.

இந்தக் குரலுக்கு இடம் கொடுத்தவர் ஆல்பத்தின் தயாரிப்பாளரும் இசையமைப்பாளருமான தாம் பெல். செவ்வியல் பியானோ பயின்றவர், டெல்ஃபோனிக்ஸ் குழுவை ஏற்கெனவே புகழ் பெறச் செய்தவர். சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் வயலின்களையும் பிரெஞ்சு ஹார்னையும் கொண்டு வந்தாலும், பாடகர் மூச்சு விடும் இடத்தை அவை அடைத்துவிடுவதில்லை. சொல் முடிந்த பிறகுதான் வாத்தியம் பேசும்.

'யூ ஆர் எவ்ரிதிங்' பாடலின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அங்கே ரீங்கரிப்பது எலெக்ட்ரிக் சிதார். பெயர்தான் சிதார். கையில் பிடித்து வாசிப்பது கிட்டார் போலத்தான். தந்தியைத் தாங்கும் தட்டையான பாலத்தில் தந்தி உரசுவதால் அந்த ரீங்காரம் பிறக்கிறது. நம் காதுக்குப் பழகிய ஒலி, ஆனால் ராகம் எதையும் தேடாமல், பாடகரின் ஏக்கத்துக்கு ஒரு விளிம்பு கட்டுகிறது. காதலியின் சாயலில் இருக்கும் யாரையோ பார்த்து, அவள்தான் என்று ஒரு நொடி ஏமாந்துபோகிற மனம்தான் பாட்டின் பொருள். வரிகள் லிண்டா கிரீட் எழுதியவை. அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். சாதாரணப் பேச்சிலேயே காதலைச் சொல்லிவிடும் கை அவருக்கு. 1986-இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பெல் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' அவர் வருவதற்கு முன்பே ஒரு சிறிய உள்ளூர் நிறுவனத்துக்காகப் பதிவானது. அதே தாம்கின்ஸ்தான். இனிமையான பாட்டுதான், ஆனால் பக்கத்துப் பாடல்களில் இருக்கும் ஆழம் இதில் இல்லை.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மற்ற நால்வரும் இங்கே பின்னால் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரான ஏரியன் லவ்வின் கனத்த குரலை 1974-இல் பெரு வெற்றி பெற்ற 'யூ மேக் மி ஃபீல் பிராண்ட் நியூ'வில் கேட்கும்போது, இதை முதல் ஆல்பத்திலேயே முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றும்.

மொத்தம் 9 பாடல்கள், அவற்றில் 5 சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வந்தவை. 'பெட்சா பை கோலி, வாவ்' 1972-இல் அமெரிக்காவின் பிரபல பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. ஆனாலும் என் தேர்வு 'பீப்பிள் மேக் த வேர்ல்ட் கோ ரவுண்ட்'. காதலை விட்டுவிட்டு, குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தம் என்று நகரத்தின் அன்றாடத்தைப் பாடுகிறது. காற்றின் இரைச்சலோடு தொடங்கும். சிங்கிளுக்காக வெட்டிக் குறைத்தார்கள். ஆல்பத்திலோ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். சரி, அந்த முழு வடிவத்தையே இப்போது கேட்போம்.