மெழுகுவர்த்திக் கரி போதும், தண்ணி ஒட்டவே ஒட்டாது!

வணக்கம் மக்களே! இந்தக் கரண்டியோட பின்பக்கம் பாருங்க, முழுக்கக் கரி. இப்ப சொட்டு சொட்டா தண்ணி விடுறேன்... பாத்தீங்களா, முத்து மாதிரி உருண்டு ஓடுது! கெமிக்கல் எதுவும் போடல, மெழுகுவர்த்திச் சுடர்ல காட்டினேன், அவ்ளோதான்.

பினாங்கு பாலத்துல மழையில மோட்டார் ஓட்டினவங்களுக்குத் தெரியும், ஹெல்மெட் கண்ணாடில தண்ணி படிஞ்சா முன்னாடி போற லோரியே தெரியாது. அதனாலதான் எனக்கு இந்த தண்ணி ஒட்டாத கோட்டிங் மேல இவ்ளோ ஆசை.

நாம தாமரை இலைத் தண்ணின்னு சொல்றோம், மலாய்க்காரங்க கெலாடி, அதாவது சேம்பு இலையில தண்ணி ஊத்துற மாதிரின்னு சொல்றாங்க, ரெண்டு பேரும் பாத்தது ஒரே விஷயம்! வழுவழுப்பா இருக்கறதாலதான் ஒட்டலன்னு நினைப்போம், ஆனா உண்மை நேர் எதிர். இலை மேல கண்ணுக்குத் தெரியாத மேடு, அது மேல மெழுகு, நடுவுல காத்து. துளி மேட்டு நுனியிலதான் உக்காருது, அடியில பாதிக்கு மேல காத்துதான். வழவழப்பான பரப்புல எந்த மெழுகு பூசினாலும் துளியோட கோணம் (துளி ஓரம் பரப்போட சேர்ற கோணம், கூடினா துளி இன்னும் உருண்டையா நிக்கும்) 120 டிகிரிய தாண்டாது, சொரசொரப்பு சேந்தாதான் 150க்கு மேல போகும்.

கரியும் அப்படித்தான், 30, 40 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) உருண்டைங்க கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கு. கரண்டிய அப்படியே தண்ணிக்குள்ள முக்குங்க, கறுப்புக் கரி வெள்ளி மாதிரி மின்னும்! அது உள்ள மாட்டின காத்து. நான் நாலு தடவை முக்கி முக்கிப் பாத்தேன், சலிக்கவே இல்ல.

2012ல ஜெர்மனி மைன்ஸ்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலைய ஆய்வாளருங்க கண்ணாடில இதே கரிய படிய வச்சு, மேல சிலிக்கா (மணல்ல, கண்ணாடில இருக்கற பொருள்) பூசி, 600 டிகிரில சுட்டாங்க. கரி எரிஞ்சு போச்சு, சிலிக்கா கூடு மட்டும் நின்னுச்சு, கண்ணாடி தெளிவாயிடுச்சு! ஆனா சிலிக்காவுக்கு தண்ணின்னா ரொம்பப் பிடிக்கும், அதனால கடைசியா ஃப்ளோரின் உள்ள சிலேன், அதாவது சிலிக்கா மேல ஒட்டிக்கிட்டு தண்ணிய விலக்குற ஒரு கெமிக்கல் பூசினாங்க. அந்த ஃப்ளோரின் சமாச்சாரம் மண்ணுல லேசுல மக்காது, எனக்கு அது பிடிக்கல, ஃப்ளோரின் இல்லாத மெத்தில் வகை சிலேனே மேல்.

பெரிய தலைவலி தேய்மானம். இப்ப கரிய விரலால ஒரு தேய் தேய்க்கிறேன், அந்த இடத்துல மட்டும் தண்ணி ஒட்டிக்கிச்சு பாருங்க.

வீட்ல செஞ்சு பாத்துட்டு வீடியோ அனுப்புங்க, பிள்ளைங்க செஞ்சா பெரியவங்க பக்கத்துல இருங்க, கரண்டி பயங்கரமா சுடும்!