அம்பு கொடுத்தவருக்கே இறைச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, அங்கோலா என்று பரவி, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சான் மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்கிறார்கள். ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, பல மொழிகள் பேசும் பல கூட்டங்கள் அவர்கள். ‘எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வார்கள், சொத்து என்ற நினைப்பே கிடையாது’ என்று அவர்களைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு இந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. எது யாருடையது என்பதில் அவர்கள் மிகவும் கறாரானவர்கள்.

சான் கூட்டங்களில் ஒன்றான, கலஹாரிப் பாலைவனத்து ஜுஹோவான்சி மக்களுடைய வேட்டையைப் பாருங்கள். டயாம்ஃபிடியா என்ற வண்டின் நஞ்சுள்ள புழுவை நசுக்கி அம்பில் பூசுவார்கள். கூர்முனையில் பூசமாட்டார்கள், அதற்குப் பின்னால்தான். கை தவறிக் கீறிக்கொண்டால் உயிர் போய்விடும் அல்லவா? அம்பு பட்ட பெரிய மான் உடனே விழாது, ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். தடம் பார்த்துப் பின்னாலேயே போகவேண்டும். நஞ்சு ரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும் என்பதால் இறைச்சியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சரி, அந்த இறைச்சி யாருக்கு? எய்தவருக்கு இல்லை, அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால், வேட்டைக்கே போகாத கிழவரோ ஒரு பெண்ணோகூடப் பங்கு பிரிக்கும் பொறுப்புக்கு வந்துவிடலாம்.

எய்தவருக்குப் பெயராவது கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. 1960-களில் போட்ஸ்வானாவின் டோபே பகுதியில் இந்த மக்களோடு தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ, அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து கொடுக்க நல்ல கொழுத்த காளை ஒன்றை வாங்கினார். வந்தவர் போனவரெல்லாம் ‘இதுவா? வெறும் எலும்பு மூட்டை’ என்றார்கள். மனிதர் நொந்துபோனார். வெட்டிப் பார்த்தால் உள்ளே அத்தனை கொழுப்பு! அப்புறம்தான் விளக்கம் கிடைத்தது. நிறைய இறைச்சி கொண்டுவருகிறவனுக்குத் தலைக்கனம் ஏறும், தன்னைத் தலைவனாக நினைப்பான், ஒருநாள் யாரையாவது கொன்றும் போடுவான்; அதனால்தான் மட்டம் தட்டி வைக்கிறோம் என்றார்கள்.

நிலத்துக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதைச் சுற்றிய காட்டுக்கும் உரிய குடும்பங்கள் உண்டு. உரிமை தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். வெளியார் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இந்தக் கணக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளின் கண்ணில் படவில்லை. வேலி இல்லை, பத்திரம் இல்லை. ஆகவே ஆளில்லா நிலம். 1774-ல் இன்றைய தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சுக்காரர்களின் ‘ஜெனரல் கமாண்டோ’ படை நூற்றுக்கணக்கான சான் மக்களைக் கொன்றது. பிடிபட்டவர்கள் பண்ணைகளுக்கு வேலையாட்களாகப் போனார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, அங்கே எஞ்சியிருந்தவர்களில் சிலர் ஆடுமாடு திருடியதாகக் கேப்டவுனில் சிறையில் இருந்தார்கள். சொந்த நிலத்தில் யார் திருடர் என்று கேட்கத் தோன்றுகிறது. மொழி ஆய்வாளர்களான வில்ஹெல்ம் பிளீக், லூசி லாயிட் இருவரும் அவர்களில் சிலரைத் தம் வீட்டில் தங்கவைத்து, காபோ என்ற முதியவர் போன்றோர் சொன்ன கதைகளை 12,000 பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்தார்கள். அந்தக் கதைகள் சொல்லப்பட்ட மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. ஆனால் 2000-ல் தென்னாப்பிரிக்கா தன் அரசுச் சின்னத்தில் பொறித்த வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது!

போட்ஸ்வானாவில் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961-ல் உருவானபோது, அங்கே வாழ்ந்த சான் மக்களின் வாழ்க்கையைக் காப்பதும் அதன் நோக்கம். ஆண்டின் பெரும்பகுதி காட்டுத் தர்பூசணியும் கிழங்குமே அவர்களுக்குத் தண்ணீர். 1997-லும் 2002-லும் அரசு அவர்களை வெளியேற்றியது, ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில், வெளியேற்றியது சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திரும்பிப் போகலாம், ஆனால் கிணறு கூடாது என்றது அரசு. தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மறுபடி வழக்காடி, மேல்முறையீட்டில் வெல்ல 2011 ஆகிவிட்டது.

உலகம் குடிக்கும் ரூய்போஸ் தேநீரின் செடியைக் கண்டறிந்து பயன்படுத்தியவர்கள் சான் மக்களும், அதே பகுதியின் இன்னொரு பூர்வகுடியான கோய் மக்களுமே. நூறாண்டுக்கு மேலாக அதை மற்றவர்கள் விற்றார்கள். பண்ணையில் விற்கும் விலையில் 1.5 விழுக்காடு அந்த இரு சமூகங்களுக்கும் சேரவேண்டும் என்று ஒப்பந்தமானது 2019-ல்தான்.

நன்றி, வணக்கம்.