கட்டைகளுக்கு நடுவே கேட்ட மூச்சு

நண்பர்களே, வணக்கம். ‘ஓபஸ்’ படம் முடிந்த கையோடு மேடையேறுவது சங்கடமான வேலை. 103 நிமிடம் ஒரு மனிதர் ஏறக்குறைய வாயே திறக்காமல் பியானோ வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் மேல் நான் வந்து பேச்சைக் கொட்டுவதா? சரி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவை ‘தி லாஸ்ட் எம்பரர்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவராகப் பலர் அறிந்திருப்பீர்கள். 2014-இல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். அது அடங்கி, அப்புறம் மலக்குடலில் வந்தது. 2022 செப்டம்பரில் ‘ஓபஸ்’ எடுத்தபோது, ஒரு முழுக் கச்சேரியை ஒரே நாளில் வாசிக்கும் தெம்பு அவருக்கு இல்லை. டோக்கியோவில், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் 509-ஆம் ஸ்டுடியோவில், ஒரு நாளைக்குச் சில என்று வாசித்து 20 உருப்படிகளைச் சேர்த்தார். இயக்கியவர் அவருடைய மகன் நியோ சோரா. அடுத்த மார்ச் 28-இல் சகமோட்டோ காலமானார், வயது 71.

நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி. பெடலை மிதிக்கும்போது ‘டொப்’பென்று மெல்லக் கேட்டதே, கவனித்தீர்களா? சட்டைத் துணி உரசுவது, மூச்சு உள்ளே போவது, எல்லாம் கேட்டது. வழக்கமாக ஒலிப்பதிவில் இவற்றைக் குப்பை என்று துடைத்துவிடுவார்கள். இங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள். மகன் இயக்குநராக இருந்ததால்தான் அந்த மூச்சைத் துடைக்க மனம் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். என் ஊகம்தான்.

‘டோங் பூ’ வந்தபோது எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்தது? 1978-இல் தன் மின்னணு இசைக் குழுவான எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதிய துள்ளலான சிந்தசைசர் பாட்டு அது. இங்கே அதை அப்படி நிதானமாக வாசிக்கிறார். உடல் தளர்ந்ததால் வேகம் குறைந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. பியானோவில் தட்டிய ஸ்வரம் அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். விரலை அழுத்தி வைத்திருக்கிறார், ஒலி முழுக்கத் தேய்கிறது, அதற்குப் பிறகே அடுத்த கட்டைக்குக் கை நகர்கிறது. தேய்வதைக் கடைசிவரை கேட்க வேண்டும் அவருக்கு.

2011 சுனாமியில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடப் பியானோவைத் தேடிப் போய் வாசித்தவர் அவர். சுருதி கலைந்து கிடந்தது. மரத்தை வளைத்து, கம்பியை முறுக்கி மனிதன் வைத்த சுருதியை இயற்கை தன் பங்குக்குத் திருத்தியிருக்கிறது என்று அதை எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட காது.

‘பிபோ நோ அவோசோரா’வில் தடுமாறி நின்றாரே, அந்த இடத்தை மறக்க முடியாது. நிறுத்துகிறார், தடவித் தேடுகிறார், மறுபடி முயல்கிறார். சிரமமாக இருக்கிறது, ஓய்வு வேண்டும் என்கிறார். வெட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு இந்தப் படத்தில் அதுதான் உச்சம். அவருடைய புகழ்பெற்ற ‘மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்’ இசை கூட அதற்கு அடுத்துதான்.

அப்புறம் அந்த முடிவு. நாற்காலி காலி, கட்டைகள் தாமாக இறங்கி ஏறுகின்றன. முதல் தடவை பார்த்தபோது, இது என்ன வித்தை என்று எரிச்சல்பட்டேன். இன்று உங்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது, அந்தக் காலி நாற்காலியிலிருந்து மூச்சுச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.