களைச்செடி சாண்ட்விச் தின்ற கார் முதலாளி

1942 ஜூலை, அமெரிக்காவின் டியர்போர்ன். இரண்டு கிழவர்கள் சாண்ட்விச் தின்கிறார்கள். ஒருவர் ஹென்றி ஃபோர்டு, உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இன்னொருவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அடிமையாகப் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. சாண்ட்விச்சுக்குள்ளே என்ன தெரியுமா? களைச்செடி! போர்க்காலம், காய்கறிக்குத் தட்டுப்பாடு வந்தால் தானாக முளைக்கிறதைப் பறித்துத் தின்னலாமே என்பது கார்வர் கட்சி. குப்பைக்கீரை கடைந்து சாப்பிடுகிற நமக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் கார் கம்பெனி முதலாளியைத் தின்ன வைத்தாரே, அதைச் சொல்லுங்கள்.

சரி, கார்வர் கதை ஒரே மூச்சில். மிசௌரியில் பிறந்தார், கைக்குழந்தையிலேயே தாயோடு கடத்தப்பட்டார், பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தது, தாய் கிடைக்கவேயில்லை. அலைந்து திரிந்து படித்து 1896 இல் அலபாமாவில் டஸ்கீகீ என்ற கறுப்பர் கல்லூரியில் ஆசிரியரானார். பருத்தி போட்டே சத்துப்போன மண்ணில் வேர்க்கடலை போடுங்கள், தழைச்சத்து சேரும் என்று விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். (பீநட் பட்டரைக் கண்டுபிடித்தவர்தானே என்று கமெண்ட் போடப் போகிறவர்களே, அது அவர் கண்டுபிடித்ததில்லை.) ஃபோர்டு கதை உங்களுக்கே தெரியும், தாண்டிவிடலாம்.

1937 இல் டியர்போர்னில் ஒரு மாநாடு. வயலில் விளைவதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பேச்சு. அங்கேதான் இருவரும் பழகினார்கள், இருவருக்கும் ஒரே பைத்தியம். கார்வருக்கு வேர்க்கடலையும் சர்க்கரைவள்ளியும் என்றால் ஃபோர்டுக்கு சோயா. சோயா நாரில் சூட் தைத்துப் போட்டுக்கொண்டார், வயலில் விளைந்த நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த கார் டிக்கி மூடியைக் கோடாலியால் ஓங்கி அடித்து போட்டோவுக்கு நின்றார். இன்றைய யூடியூபர்களெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது கோடாலி இல்லை, லிஃப்ட். 1938 இல் ஃபோர்டே டஸ்கீகீக்கு வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ரயில் பெட்டியில் உட்காரக் கூடாது என்று சட்டம் இருந்த அலபாமா அது. கார்வருக்கு எழுபது தாண்டிவிட்டது, இதயம் பலவீனம், அறையோ மாடியில். என்ன பரிசு கொடுப்பது? பணம் கொடுத்துப் பயனில்லை, சம்பளக் காசோலையையே வங்கியில் போடாமல் மேசைக்குள் போட்டு வைக்கிற ஆள். ஃபோர்டு அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்துக் கொடுத்தார். மாடிப்படியில் இந்த மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது என்பதைக் கவனித்தவனுக்குத்தான் இப்படித் தோன்றும்.

அதற்காக ஃபோர்டைத் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. இதே ஆள் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்கள் மேல் வருஷக்கணக்கில் விஷம் கக்கியவர். மற்ற கார் கம்பெனிகளைவிட அதிகமாகக் கறுப்பர்களை வேலைக்கு எடுத்தார், உண்மைதான், ஆனால் பெரும்பாலும் இரும்பு உருக்குகிற அனல் பக்கம்தான் அனுப்பினார்கள். லிஃப்டையும் இதையும் ஒரே கணக்கில் எழுத எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, கீழே எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. கார்வர் பிறந்த மரக்குடிசையைப் போலவே ஒன்றைத் தன் அருங்காட்சியக வளாகத்தில் ஃபோர்டு கட்டி வைத்தார். கார்வர் அதை நேரில் வந்து பார்த்தது 1942 இல், அந்த சாண்ட்விச் பயணத்தில்தான். 1943 ஜனவரி 5 அன்று டஸ்கீகீயில் இறந்துபோனார்.