யுபிவிசி கதவு இறங்கினால் கீலை மாற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கதவு இறங்கிவிட்டது, பூட்டு ஓரம் அடியில் உரசுகிறது, பூட்டக் கைப்பிடியைத் தூக்கினால் முரண்டு பிடிக்கிறது. வேலைக்கு வருகிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹிஞ்ச் போச்சுங்க, மாத்திரலாம்" என்பார். மூன்று கீலும் புதிதாக வரும். கொஞ்ச நாள் கதவு சுகமாக ஓடும். அப்புறம் மறுபடியும் அதே மூலை, அதே உரசல். பழி என்னவோ கீலின் மேல்தான். பாதிக் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கதவின் உடம்பைப் பற்றி. மரக்கதவு உள்ளே கெட்டி. யுபிவிசி சட்டம் அப்படியல்ல. சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த குழாய் அது. அதில் பெரிய அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்பைச் செருகியிருப்பார்கள், ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கனத்தில். கீலின் திருகு அந்த இரும்பைக் கடித்தால்தான் பிடிமானம். பிளாஸ்டிக்கை மட்டும் துளைத்துக்கொண்டு நின்றாலும் முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும், திறந்து மூடத் துளை அகன்று திருகு ஆடத் தொடங்கும். கதவு வாங்கும்போது, கீல் வரும் இடத்தில் உள்ளே இரும்பு இருக்கிறதா, நிலையிலும் இருக்கிறதா, கதவிலும் இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கதவில் போட்டுவிட்டு நிலையில் விட்டுவிடுவதும் நடக்கும்.

அடுத்தது எடை. கண்ணாடியின் எடையை மனக்கணக்காகவே போடலாம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. 5 மி.மீ. கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. அதையே இரட்டைக் கண்ணாடியாகப் போட்டால் 25. 90 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் 10 உயரமுள்ள கதவில் கண்ணாடி மட்டும் சுமார் 1.4 சதுர மீட்டர் வரும். ஆக, கண்ணாடியே 35 கிலோ. சட்டம், இரும்பு, பூட்டு எல்லாம் சேர்ந்தால் 50-ஐத் தாண்டிவிடும்.

இந்த எடை நேராகக் கீழே மட்டும் அழுத்துவதில்லை. பூட்டுப் பக்கமாகச் சாயவும் பார்க்கிறது. அதனால் மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கி இழுக்கிறது, கீழ்க் கீலை நிலைக்குள் தள்ளுகிறது. பெரும்பாலும் மேல் கீலின் திருகுதான் முதலில் தளரும், அதற்குக் காரணம் இதுதான். கதவின் அகலத்தை 90-லிருந்து 120 சென்டிமீட்டர் ஆக்கினால் எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடும், சாய்க்கும் தூரமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். இரண்டும் சேர்ந்து மேல் கீலின் மேல் விழும் இழுவை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். அகலக் கதவு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீல் பெட்டியின் மேல் 80 கிலோ, 100 கிலோ என்று போட்டிருக்கும். அந்த எண் இரண்டு கீலுக்கா மூன்று கீலுக்கா, எவ்வளவு அகலமுள்ள கதவுக்கு என்று கேட்காமல் வாங்கினால் அதற்கு அர்த்தமே இல்லை. மூன்றாவது கீலைப் பழக்கத்தில் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். சட்டம் வளையாமல் இருக்க அது சரி. எடைதான் கவலை என்றால் மேல் கீலுக்கு ஒரு சாண் கீழே வையுங்கள், இழுவையைப் பகிர்ந்துகொள்ளும். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் 316 வகை எவர்சில்வர் நல்லது. 304-ஐவிட உப்புக் காற்றைத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. திருகும் அதே தரத்தில் இருக்கட்டும். கீல் எவர்சில்வர், திருகு சாதா இரும்பு என்றால் துரு திருகின் தலையிலிருந்து ஆரம்பிக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே தெரியும். கதவு மூடியிருக்கும்போது அதைத் தட்டிக் கழற்ற முடியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, முதலில் சொன்ன அந்த இடத்துக்கு வருவோம். கண்ணாடியைச் சுற்றிச் சட்டத்துக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள். பேக்கர், பேக்கிங் என்று சொல்வார்கள். 1 மி.மீ., 2 மி.மீ., 3 மி.மீ. என்று கனத்துக்கு ஒரு நிறம். வெளியே தெரியாத, மலிவான துண்டுகள், கதவின் தலையெழுத்தே அவற்றில்தான் இருக்கிறது.

கதவுச் சட்டத்தின் நான்கு மூலையும் சூட்டில் ஒட்டியவை. உள்ளே இருக்கும் இரும்பு மூலையில் ஒன்றோடொன்று சேர்வதில்லை, ஒட்டுக்கு முன்பே நின்றுவிடும். அப்படியானால் சட்டம் சதுரம் மாறாமல் நிற்பது எதனால்? கண்ணாடியால். பழைய மரப் படலில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்களே, அந்த வேலையை இங்கே கண்ணாடி செய்கிறது. செய்ய வேண்டுமானால் இரண்டு மூலையில் பேக்கர் இறுக்கமாக இருக்க வேண்டும். கீல் பக்கத்தில் கீழ் மூலை. பூட்டுப் பக்கத்தில் மேல் மூலை. இன்னொரு தடவை சொல்கிறேன், வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாதே: கீல் பக்கம் கீழே, பூட்டுப் பக்கம் மேலே. இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும், நாளடைவில் நழுவினாலும், சட்டம் பூட்டுப் பக்கமாகச் சரியும். கீல் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் சரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். கதவுச் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது, கோளாறு கீலிலோ திருகிலோ நிலையிலோதான். கீல் பக்கக் கீழ் மூலையிலிருந்து பூட்டுப் பக்க மேல் மூலைக்கு எடுத்த அளவு மற்றதைவிடக் குறைந்திருந்தால் பேக்கரைத்தான் பார்க்க வேண்டும். பூட்டு ஓரம் 3 மி.மீ. சரிந்தாலே இரண்டு அளவுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டும். தப்பவே தப்பாது.

சரிந்த சட்டத்தை, கதவை நகர்த்தக் கீலில் இருக்கும் திருகைத் திருப்பியே சமாளித்துவிடலாம் என்று நினைப்பார்கள். கணக்கு இடம் கொடுக்காது. மேல் கீலை 1 மி.மீ. நிலைப் பக்கம் இழுத்தால் பூட்டு ஓரம் அரை மி.மீ.தான் உயரும், அகலத்தைவிடக் கீல்களுக்கு நடுவே தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதால். 3 மி.மீ. உயர்த்த 6 மி.மீ. இழுக்க வேண்டும். அவ்வளவு திருப்பம் பல கீல்களில் கிடையாது. திருகு முடிந்த பிறகும் கதவு உரசுகிறது என்றால், இனிமேல் கீலை விட்டுவிட்டுப் பீடிங்கை, அதாவது கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பட்டையை, கழற்றச் சொல்லுங்கள். இருவர் சேர்ந்து செய்யட்டும், 35 கிலோ கண்ணாடி. பேக்கருக்குப் பதில் மரச்சீவலைத் திணிக்க விடாதீர்கள், ஈரத்தில் ஊறி மட்கிவிடும். தண்ணீர் வடியும் துளையையும் அடைக்கக் கூடாது.

பூட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக ஓடினால் பூட்டு நன்றாக இருக்கிறது, மூடும்போது மட்டும் முரண்டு பிடிப்பது கதவு இடம் மாறியதால். பலத்தைப் போட்டு அழுத்தினால் பூட்டின் உள்பெட்டி உடையும், அது கீலைவிடச் செலவு.

கீலைத் திருப்புவதாக இருந்தால் பூட்டு ஓரத்துக்கு அடியில் ஆப்பு வைத்து எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். முதலில் உயரம், அப்புறம் பக்கவாட்டு, கடைசியில் கதவின் ரப்பர் பட்டை மேல் விழும் அழுத்தம். ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் ஒரு தடவைக்கு அரைச் சுற்றுதான், பிறகு மூடிப் பார்க்க வேண்டும். உயரத் திருகை எல்லாக் கீலிலும் ஒரே அளவு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முழுச் சுமையும் ஒரே கீலில் உட்காரும். உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம். யுபிவிசி 2 மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி ஏறினால், ஏறக்குறைய 3 மி.மீ. நீளப் பார்க்கும். உள்ளே இருக்கும் இரும்பு கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். கறுப்பு, காப்பி நிறக் கதவுகள் இன்னும் சூடாகும். மத்தியானம் சரிசெய்த கதவு விடியற்காலையில் வேறு மாதிரி நிற்கும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், பராமரிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசியைச் சுற்றி நைலான் புஷ், அதாவது நைலான் உறை, உள்ள கீலுக்கு எண்ணெயே வேண்டாம், தூசிதான் ஒட்டும். இரும்போடு இரும்பு உரசும் கீலுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போடுங்கள். இயந்திர எண்ணெய் கதவின் ரப்பர் பட்டையில் பட்டால் பட்டை ஊதிவிடும், சமையல் எண்ணெய் பிசுக்காகும். தின்னர் பக்கத்திலேயே வரக் கூடாது. கதவு சுவரில் மோதாமல் தடுக்கும் கட்டையைப் பூட்டு ஓரத்துக்கு அருகில் பதியுங்கள். கீலுக்குப் பக்கத்தில் பதித்தால் காற்று அறையும் ஒவ்வொரு முறையும் அதுவே நெம்புகோலாகிக் கீலைப் பிடுங்கும். திருகுத் துளை தேய்ந்துவிட்டால் பசையை ஊற்றி ஏமாறாதீர்கள், ஒரு சுற்றுப் பருமனான திருகை இரும்பு வரை இறங்கும்படி போடுங்கள். கடைசி இரண்டு சுற்று கையால் இறுக்க வேண்டும், மெஷினில் இறுக்கினால் இரும்பில் விழுந்த மரை அழிந்துவிடும்.

கீலை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை ஒன்று கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். துளைகளின் இடைவெளி, தகட்டின் அகலம், வலதா இடதா, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாற்றும்போது கதவை மூடி, அடியில் ஆப்பு வைத்து, ஒரு கீலைக் கழற்றி அந்த இடத்தில் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மூடினால் திருகுக்குக் கை எட்டாத வகைக் கீல் என்றால் திறந்து வைத்து, கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். நேயர்களே, நன்றி, வணக்கம்.